ஸ்டாம்பு ஒட்டாத வாழ்த்துகள்

தீபாவளிக்கு முந்தின நாள் காலை, முறுக்கு அச்சைக் கையில் பிடித்தபடி அடுப்புக்கு முன்னால் நின்றிருந்தேன். மேசையில் கிடந்த கைத்தொலைபேசி சிணுங்கியது. என் கையெல்லாம் மாவு. மகள்தான் எடுத்துப் பார்த்து, "வைபி வாழ்த்து அனுப்பியிருக்காரும்மா" என்று திரையை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். ஜிப்பா போட்ட ஒருவர் கைகூப்பிக்கொண்டு நின்றார். பக்கத்தில் குத்துவிளக்கு, பின்னணியில் நாதசுவரம். நான் ஒரு முறுக்கைச் சுற்றி முடிப்பதற்குள் வாழ்த்து முடிந்துவிட்டது. அதற்குள் எங்கள் தாமான் குடியிருப்புக் குழுவில் ஒருவர் அதையே அனுப்பினார், கோயில் குழுவில் இன்னொருவர் அனுப்பினார். நாங்கள் இருக்கிற புஞ்சாக் ஆலாமில் அன்றைக்கு அவர் எல்லார் வீட்டு அடுப்படியிலும் கைகூப்பி நின்றிருப்பார்.

வைபி என்றால் யார் என்று நீங்கள் கேட்கலாம். நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ ஓட்டுப் போட்டு நாம் அனுப்புகிறவரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். மாண்புமிகு என்பதற்கான மலாய்ச் சொற்களின் சுருக்கம். ஒருவர் வைபி ஆகிவிட்டால் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகம் இருக்காது. கல்யாணத்துக்கு முன்பு நான் கோலசிலாங்கூர் பக்கத்தில் ஒரு வைபியின் சேவை மையத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். அது என் மகளுக்குத் தெரியும். "அப்பல்லாம் இத எப்டிம்மா அனுப்புவீங்க? ஈமெயிலா?" என்று கேட்டாள்.

"நாக்கால" என்றேன்.

அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! நான் பொய் சொல்லவில்லை. கடித உறையின் மடிப்பில் தடவியிருக்கும் பசைக்கு ஒரு ருசி உண்டு. ஆறிப்போன கஞ்சியில் யாரோ சீனி போட மறந்து, பிறகு ஞாபகம் வந்து கொஞ்சமாகப் போட்ட மாதிரி இருக்கும். பஞ்சை நனைத்து ஒட்டு என்று எங்கள் வைபி ஒரு பஞ்சு வாங்கித் தந்திருந்தார். பஞ்சு சீக்கிரம் காய்ந்துவிடும், நாக்கு காயாது. தீபாவளி மாதம் முழுக்க அம்மா வைக்கிற ரசத்தில் எனக்கு உறைப்பும் தெரியாது, புளிப்பும் தெரியாது. "வெள்ளக்காரன் பசைய நக்கி நக்கி இவ நாக்கே செத்துப் போச்சி" என்று அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். பசை வெள்ளைக்காரனுடையது என்று அவருக்கு யார் சொன்னார்களோ தெரியாது.

எங்கள் சேவை மையம் ஒரு கோப்பிக்கடையின் மாடியில் இருந்தது. கீழே கோப்பித்தூள் வறுக்கும் நாளில் மேலே கோப்புகள்கூட கோப்பி மணக்கும். காற்று ஆற்றுப் பக்கமிருந்து வீசினால் கருவாட்டு மணம். ஒரு நீளப் பெஞ்சு, ஒரு மின்விசிறி, ஒரு தட்டச்சு இயந்திரம், நான். மனு எழுத வருகிறவர்கள் வைபியை என்னிடமே விசாரிப்பார்கள். அவர் பக்கத்திலேயே நின்று அலமாரியில் எதையாவது தேடிக்கொண்டிருப்பார். தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து அரசியலுக்கு வந்தவர். ஆளைப் பார்த்தால் யாருக்கும் எழுந்து நிற்கத் தோன்றாது. யார் எழுதிய மனுவாக இருந்தாலும் சிவப்புப் பேனாவை எடுத்து முதலில் ஒற்றுப் பிழையைத் திருத்துவார், பிறகுதான் விஷயத்துக்குள் போவார்.

மக்கள் பிரதிநிதிக்கு என்னென்ன சலுகை உண்டு என்று நான் அங்கேதான் தெரிந்துகொண்டேன். தொலைபேசிக் கட்டணம் அவர் கட்ட வேண்டாம். டோல் சாவடியில் காட்ட ஓர் அட்டை. ஆஸ்பத்திரியில் முதல் வகுப்புக் கட்டில். அவர் ஓட்டுகிற காடியின் கண்ணாடியில் ஒட்ட ஒரு வில்லை, அதைப் பார்த்தால் போலீஸ்காரர் சலாம் வைப்பார். கூட்டம் எங்கே நடந்தாலும் முன்வரிசையில் சோபா, அதற்கு முன்னால் மூடி போட்ட கிளாசில் சீரப் தண்ணீர். எங்கள் வைபிக்கு இதில் பாதி பயன்படவே இல்லை. டோல் அட்டை இருந்தும் பழைய ரோட்டில்தான் போவார். வழியில் ஒரு மலாய்க்காரப் பெண் நல்ல வாழைப்பழப் பலகாரம் பொரிப்பார், அது ஒரு காரணம். பழைய ரோட்டில் யார் கையைக் காட்டினாலும் காடியை நிறுத்திப் பேசலாம் என்பது அவர் சொல்கிற காரணம். ஆஸ்பத்திரிச் சலுகையை நினைத்து அவர் மனைவிக்கு நிரந்தர வருத்தம். "மொத வகுப்பு வார்டு சும்மாவே கெடைக்குது, இந்த மனுசனுக்கு ஒரு காய்ச்சல்கூட வரமாட்டேங்குது" என்று என்னிடம் அலுத்துக்கொண்டிருக்கிறார்.

ஒரே ஒரு சலுகையில் மட்டும் வைபிக்குத் தீராத ஆசை. அது தபால். பழுப்பு நிற உறை, மேலே அரசாங்கப் பணி என்று மலாயில் அச்சடித்திருக்கும். ஸ்டாம்பு ஒட்ட வேண்டியதில்லை. கட்டுக் கட்டாக வந்து இறங்கும். தீபாவளி வாழ்த்து எப்படி அரசாங்கப் பணியாகும் என்று ஒருநாள் நான் கேட்டதற்கு, "சனங்களோட பேசறதுதானம்மா என் வேல? வாழ்த்துச் சொல்றது பேச்சு இல்லாம வேற என்ன?" என்றார். ஆசிரியர்களிடம் வாதாடி ஜெயிக்க முடியாது. தீபாவளி, பொங்கல், பள்ளிக்கூடம் திறக்கும் நாள், பரீட்சையில் தேறினால் ஒன்று, தேறாவிட்டால் ஆறுதலாக ஒன்று என்று வருடம் முழுக்க நாங்கள் பேசிக்கொண்டே இருந்தோம். ஆள் இறந்துபோனது தெரியாமல் ஒருமுறை ஒருவருக்குத் தீபாவளி வாழ்த்துப் போய்விட்டது. அவருடைய மனைவி பஸ் ஏறி வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நான் நாற்காலிக்குள் ஒடுங்கிக்கொண்டேன். "பெத்த புள்ளைங்களே தெவசத்த மறந்துருச்சிங்க. நீங்களாச்சும் அவர் பேர எழுதினீங்களே" என்று சொல்லி, ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்துவிட்டுப் போனார்.

வாழைப்பழம் தந்த அந்த அம்மா பட்டணத்துக்காரர். தோட்டத்துக் கதை வேறு. பத்தாங் பெர்ஜுந்தைக்குப் போகிற வழியில் ஒரு தோட்டம் இருந்தது. அதற்கு வாயில் நுழையாத ஆங்கிலப் பெயர் உண்டு. எங்கள் ஆட்களுக்கு அது பாலத்தடித் தோட்டம். செம்பனைத் தோட்டம். அங்கே தபால்காரர் தோட்ட ஆபீசோடு திரும்பிவிடுவார், தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துப் பக்கம் வர மாட்டார். ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி கடிதங்களைப் பிரித்துவைப்பார். பொழுது விடியும்போது எல்லாரும் வேலைக்கு வரிசையில் நிற்பார்களே, பெரட்டு என்று சொல்வோம், அங்கே பெயர் கூப்பிடுகிற கையோடு மேற்பார்வை பார்க்கும் மண்டோர் கடிதத்தையும் நீட்டுவார். ஊர் பார்க்கக் கடிதம் வாங்க வேண்டும். வெள்ளை உறை வந்தால் கல்யாணம் அல்லது சொந்தக்காரர். பழுப்பு உறை வந்தால் கோர்ட்டு, வரி, போலீஸ். பழுப்பு உறையை வாங்கினவர் முகத்தைப் பார்த்தே பக்கத்தில் நிற்கிறவர் கொஞ்சம் விலகி நிற்பார்.

எங்கள் முதல் தீபாவளி வாழ்த்து அங்கே போன அன்று என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மண்டோர் பெயர் பெயராகக் கூப்பிட்டார். ஒவ்வொருவர் கையிலும் பழுப்பு உறை. அந்தச் சமயம் தோட்டம் விற்கப்போகிறது என்ற பேச்சு லேசாக அடிபட ஆரம்பித்திருந்தது. எல்லாரையும் வெளியேறச் சொல்லி அரசாங்கமே நோட்டீஸ் அனுப்பிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஒருவரும் பிரிக்கவில்லை. பிரித்தால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று யாரோ சட்டம் பேசியிருக்கிறார். அன்றைக்கு யாரும் வேலைக்குப் போகவில்லை. உறையைப் பிடித்துக்கொண்டு அப்படியே ஆபீஸ் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். மானேஜர் பயந்துபோய் எங்களுக்குத் தொலைபேசி செய்தார். வைபி போய் எல்லார் முன்னாலும் ஓர் உறையைப் பிரித்தார். உள்ளே குத்துவிளக்குப் படம். ஓர் அம்மா தன் உறையையும் பிரித்துப் பார்த்து, "அட கருமமே, இதுக்கா நான் காலையிலேர்ந்து மாரியாத்தாவ கூப்புட்டுக்கிட்டு இருக்கேன்?" என்று சொல்ல, கூட்டம் மொத்தமும் சிரித்தது.

திரும்பி வருகிற வழியில் வைபிக்குத் தாங்க முடியாத சந்தோஷம். "இனிமே நம்ம ஆளுங்களுக்கு அந்த உறையப் பாத்தா பயம் வராது பாரு" என்றார். அவர் சொன்னபடியேதான் ஆனது. ஒவ்வொரு பண்டிகைக்கும் நான் நக்கி ஒட்டி அனுப்ப அனுப்ப, பாலத்தடித் தோட்டத்தில் பழுப்பு உறை என்றால் வைபி வாழ்த்து என்று ஆகிப்போனது.

அந்தத் தோட்டத்தில்தான் பாக்கியம் அக்கா இருந்தார். செம்பனைக் குலையை வெட்டும்போது சிதறி விழும் பழங்களைப் பொறுக்குகிற வேலை. கணவர் இல்லை. ஒரே மகள் ரவாங்கில் தொழிற்சாலையில் வேலை செய்து அங்கேயே விடுதியில் தங்கியிருந்தாள். பாக்கியம் அக்கா பிறந்தது அதே லயத்தில்தான். ஆனால் பிறப்பைப் பதிய வேண்டும் என்று யாருக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை. அதனால் அவர் கையில் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. சிவப்பு அட்டை இருந்தால் நாட்டில் இருக்கலாம், உழைக்கலாம். ஓட்டுப் போட முடியாது, மலிவு விலை வீட்டுக்கு மனுப் போடவும் முடியாது. தோட்டத்தை விற்கப்போவது உறுதியானபோது, புக்கிட் செந்தோசா பக்கம் மலிவு வீடு தருவதாகப் பேச்சு வந்தது. நீல அட்டை வைத்திருக்கிற குடிமக்களுக்கு மட்டும். லயத்தில் மற்றவர்கள் எந்த மாடி நல்லது, கீழ்வீடா மேல்வீடா என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். பாக்கியம் அக்கா பஸ் ஏறி எங்கள் பெஞ்சுக்கு வந்தார்.

"தங்கச்சி, எனக்கு நீலம் வாங்கிக் குடும்மா. லயத்த இடிச்சிட்டா நான் எங்க போவேன்?"

குடியுரிமை மனுவை நான்தான் நிரப்பினேன். வைபி ஓர் ஆதரவுக் கடிதம் எழுதினார். அதில் பாக்கியம் அக்காவின் உழைப்பைப் பற்றி ஒரு பத்தி இருந்தது, பதிவு இலாகாவில் யாரும் அதைப் படித்திருக்க மாட்டார்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. பிறகு காத்திருப்புத்தான். சம்பளம் போட்ட மறுநாள் தவறாமல் வருவார். பெஞ்சில் உட்கார்ந்து மின்விசிறிக் காற்றில் முகத்தைக் கொஞ்சம் ஆறவிடுவார். "ஒண்ணும் வரலையாம்மா?" "ஒங்க வீட்டுக்குத்தான்க்கா வரும். நேர்முகத்துக்குக் கூப்புட்டுக் கடுதாசி போடுவாங்க." "அப்ப சரி, வரட்டும்லா." அவ்வளவுதான் பேச்சு. இறங்கிப் போகும்போது கீழே ஒரு பொட்டலம் கோப்பித்தூள் வாங்கிக்கொண்டு போவார். நல்ல தூள் என்பார்.

இப்படி ஒரு தீபாவளியும் வந்து போனது. பொங்கலை ஒட்டிப் பாலத்தடித் தோட்டத்துக் கோயிலில் பூசை, வைபிக்கு அழைப்பு. நானும் கூடப் போனேன். பூசை முடிந்ததும் லயத்து வாசல்களில் நின்று நின்று பேசிக்கொண்டே வந்தார். பாக்கியம் அக்கா வழிமறித்து, "எங்கூட்டுல ஒரு வாய் கோப்பி குடிச்சிட்டுத்தான் போவணும்" என்று உள்ளே கூட்டிப்போனார். சின்ன முன்னறை. சுவரில் சாமி மேடை. முருகன் படத்துக்குக் கீழே வரிசையாக எங்கள் பழுப்பு உறைகள், ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு குங்குமப் பொட்டு. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

வைபி நெகிழ்ந்துபோய்விட்டார். "எல்லாத்தையும் சேத்து வெச்சிருக்கீங்களே! ஏம்மா, பிரிச்சிப் பாக்கலையா?"

"வாழ்த்தப் போயி யாராச்சும் கிழிப்பாங்களா வைபி ஐயா? பிரிச்சாக் கிழிஞ்சிரும்லா. நீங்க வாழ்த்தினது அதுக்குள்ளயே இருக்கட்டும்."

வைபி சிரித்தார். "நான் கிழியாமப் பிரிச்சித் தர்றேன் பாருங்க. உள்ள அழகா ஒரு படம் இருக்கு" என்று ஓர் உறையை எடுத்து, சட்டைப்பையிலிருந்த சிவப்புப் பேனாவை மடிப்பில் நுழைத்து மெதுவாகத் திறந்தார். படம் வரவில்லை. ஒரு தாள் வந்தது. நின்றபடி படித்தார். மறுபடி மேலிருந்து படித்தார். நான் கோப்பியைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். குடியுரிமை நேர்முகத்துக்கு இந்த நாளில் இந்த நேரத்துக்கு வர வேண்டும் என்று பாக்கியம் அக்காவின் பெயருக்கு வந்த கடிதம். தீபாவளியை ஒட்டி, எங்கள் வாழ்த்து வந்த அதே கட்டோடு வந்திருக்கிறது. பெரட்டில் மண்டோர் இரண்டையும் சேர்த்துத்தான் நீட்டியிருப்பார். இந்த முறை வைபி இரண்டு வாழ்த்து அனுப்பியிருக்கிறார் என்று அக்கா இரண்டுக்கும் பொட்டு வைத்துவிட்டார். நேர்முக நாள் எப்போதோ போய்விட்டது.

"என்ன வைபி ஐயா, நீங்க எழுதினத நீங்களே இப்பிடிப் படிக்கிறீங்க?" என்று அக்கா சிரித்துக்கொண்டே கேட்டார்.

வைபி தாளை அக்கா பக்கம் திருப்பிக் காட்டினார். வகுப்பில் பிள்ளைகளுக்கு விளக்குகிற குரலில் ஒவ்வொன்றாகச் சொன்னார். அக்கா கேட்டு முடித்தார். உறையை அவர் கையிலிருந்து வாங்கி, பொட்டைத் துடைத்தார். "அப்ப வீடு?" என்றார். அன்றைக்கு எனக்கு வைபி மேல் கோபம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. பயம் தெளிந்துவிட்டது என்று அவ்வளவு சந்தோஷப்பட்டாரே! அந்தப் பயம் கொஞ்சம் மிச்சம் இருந்திருந்தால் அக்கா உறையைத் தூக்கிக்கொண்டு அன்றைக்கே எங்களிடம் ஓடி வந்திருப்பார்.

மறுநாள் வைபி தன் காடியிலேயே அக்காவைத் தலைநகருக்குக் கூட்டிப்போனார், நானும் போனேன். அன்றைக்குத்தான் டோல் ரோட்டில் போனோம். இலாகாவில் எண் எடுத்து உட்கார்ந்தோம். யாரோ ஓர் அதிகாரி வைபியை அடையாளம் கண்டு உள்ளே கூப்பிட்டார். வைபி பேசிவிட்டு வெளியே வந்து, "வேற நாள் தர்றாங்களாம்" என்றார். வைபி என்பதால் கிடைத்தது என்று நான் நேரில் பார்த்த பெரிய சலுகை அதுதான். எந்தப் பட்டியலிலும் அது கிடையாது.

புது நாள் வரும்வரை நான் அக்காவுக்கு மலாயில் பேசக் கற்றுக்கொடுத்தேன். கற்றுக்கொடுத்தேன் என்று சொல்வதே அதிகம். தோட்டத்தில் பேசிப் பேசி அவருடைய மலாய் என்னுடையதைவிடச் சரளம், மரியாதை மட்டும் கொஞ்சம் குறைவாக இருக்கும். நேர்முகத்தில் அதிகாரி, "பெராப்பா லாமா டுடோக் சினி?" என்று கேட்டிருக்கிறார், இங்கே எத்தனை காலமாக இருக்கிறாய் என்று. அக்கா யோசிக்காமல், "சாயா லாஹிர் சினி துவான், மாத்தி புன் சினி" என்றிருக்கிறார். பிறந்ததும் இங்கேதான் ஐயா, சாவதும் இங்கேதான். இதை வெளியே வந்து என்னிடம் சொல்லிவிட்டு, "தப்பா சொல்லிட்டனா?" என்று கவலைப்பட்டார்.

தப்பாகச் சொல்லவில்லை. நீல அட்டை கிடைத்தது. ஆனால் அது வருவதற்குள் புக்கிட் செந்தோசா வீடுகளுக்குப் பெயர் எடுத்து முடித்துவிட்டார்கள். வைபி யார் யாரையோ போய்ப் பார்த்தார். அடுத்த கட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த கட்டம் என்று ஒன்று வரவே இல்லை. லயத்து ஆட்கள் சாமான்களை லோரியில் ஏற்றிக்கொண்டு புது வீட்டுக்குப் போனார்கள். பாக்கியம் அக்கா சாமி மேடையைக் கழற்றிக்கொண்டு, மகள் புக்கிட் செந்தோசாவிலேயே ஒற்றை அறை வாடகைக்கு எடுக்க, அதில் போய்ச் சேர்ந்தார். பழைய அக்கம்பக்கத்தார் சொந்த வீட்டில், அவர் அதே வரிசையில் வாடகைக்கு.

அந்த வருடம் வைபி உறைக் கட்டைப் பிரிக்கவே விடவில்லை. "வாழ்த்து வேணாம்மா. நேர்ல போயிச் சொல்லிக்குவோம்" என்றார். எத்தனை வீட்டுக்கு ஒரு மனிதர் நேரில் போக முடியும்? வாழ்த்து வராத வீடுகளில் எல்லாம் வைபிக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று பேச்சு. பெஞ்சுக்கு வந்தவர்கள் என்னிடமே கேட்டார்கள், "போன வருசம் அனுப்புனாரு, இந்த வருசம் நாங்க என்ன கொறஞ்சி போயிட்டோம்?" என்று. பிரிக்காமல் வைக்கிற கடிதமாக இருந்தாலும், வராவிட்டால் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அடுத்து வந்த தேர்தலில் அவர் தோற்றுப்போனார். வாழ்த்தால் மட்டும் தோற்றார் என்று சொல்ல மாட்டேன். வீடு கிடைக்காதவர்கள் பாக்கியம் அக்கா ஒருவர் மட்டுமா?

பதவி போனால் எல்லாம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதையும் பார்த்தேன். மாடித் தொலைபேசி ஊமையானது. காடிக் கண்ணாடி வில்லையை அவரே நகத்தால் சுரண்டி எடுத்தார், பாதி வரவில்லை. மிச்சமிருந்த பழுப்பு உறைகளைத் திருப்பி அனுப்பினோம். அவற்றில் ஒன்றைக்கூடச் சொந்த உபயோகத்துக்கு எடுக்கக் கூடாது என்று என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார். பிறகு கீழே இறங்கிப் போய், வெள்ளை உறைகளும் ஸ்டாம்புகளும் தன் காசில் வாங்கி வந்தார். ஓட்டுப் போட்டவர், போடாதவர் என்று பார்க்காமல், இத்தனை நாள் எனக்கு வேலை கொடுத்ததற்கு நன்றி என்று தமிழில் நாலு வரி. கடைசி முறையாக நான் ஒட்டினேன்.

நாங்கள் மாடியைக் காலி செய்துகொண்டிருந்தபோது பாக்கியம் அக்கா அந்த வெள்ளை உறையோடு வந்தார். உறை பிரித்திருந்தது. நான் ஆச்சரியப்பட்டதை அவர் கவனித்துவிட்டார். "ஸ்டாம்பு ஒட்டியிருந்துச்சிம்மா. காசு போட்டு அனுப்பிருக்காருன்னா உள்ள சேதி இருக்கும்னு மவளக் கூப்புட்டுப் படிக்கச் சொன்னேன்" என்றார். பதில் எழுத வேண்டுமாம். சொல்லச் சொல்ல எழுதினேன். "வைபி ஐயாவுக்கு. அந்த ஓட்ட ஒங்களுக்குத்தான் போடணும்னு நெனச்சிப் போனேன். உள்ள போயி நின்னதும் வீடு நெனப்பு வந்துருச்சி. மாத்திப் போட்டுட்டேன். நீங்க காடியில கூட்டிட்டுப் போனத மறக்கல. கோவிச்சிக்காதீங்க." நான் பேனாவை வைத்துவிட்டு, "இத எழுதணுமாக்கா?" என்றேன். "அவரு எனக்கு நன்றின்னு எழுதியிருக்காரும்மா. நான் போடாத ஓட்டுக்கு எப்டி நன்றி வாங்கறது?" என்றார்.

வைபி வழக்கம்போல் சிவப்புப் பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு அதைப் படித்தார். பிறகு, "நல்ல கடுதாசி. ஒரு பிழை இல்ல" என்றார். எழுதினது நான் என்பதால் அந்தப் பாராட்டை நான் வைத்துக்கொண்டேன். அவர் காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. முதல் வகுப்புக் கட்டிலுக்குத் தகுதி போன பிறகுதான் அவருக்கு நோய் வந்தது. மூன்றாம் வகுப்பு வார்டில், கதவோரக் கட்டிலில் போய்ப் பார்த்தேன்.

பாக்கியம் அக்கா இன்னும் புக்கிட் செந்தோசாவில்தான், மகளோடு. அவருடைய நீல அட்டையில் இருப்பது பாலத்தடித் தோட்டத்து முகவரி. மாற்றச் சொல்லி மகள் எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். "மாத்தணும்னா அட்டைய அவன் கையில குடுக்கணும்லா. குடுத்தா திரும்பி வரும்னு என்ன நிச்சயம்?" என்பார். அதனால் அவருக்கு ஓட்டு எங்கள் தொகுதியிலேயே இருக்கிறது. தேர்தலுக்குத் தேர்தல் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு பஸ் மாறி வந்து போட்டுவிட்டுப் போவார். பிறகு பள்ளியை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். பத்தாங் பெர்ஜுந்தையின் பெயரையே பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள். கடைசித் தேர்தலில் முழங்கால் வலி என்றதால் நான் போய்க் கூட்டி வந்தேன். ஓட்டுப் போட்டு விரலில் மையோடு காடியில் ஏறியவர், "லயம் இருந்த எடத்த ஒருதரம் பாத்துட்டுப் போவமா?" என்றார்.

செம்பனை ஒன்றும் இல்லை. ஆபீஸ் இல்லை, பெரட்டு நின்ற மைதானம் இல்லை, கோயிலைச் சாலையோரம் நகர்த்தியிருந்தார்கள். மீதி எல்லாவற்றையும் சுற்றி உயரமாக ஒரு மதில், உள்ளே புது வீடுகள். வாசலில் குறுக்குக் கம்பம், காவலர் கூண்டு. காவலர் வெளிநாட்டுப் பையன், பணிவாகத்தான் கேட்டான், எந்த வீட்டுக்கு என்று. உள்ளே போக அடையாள அட்டையை அவனிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டுமாம், திரும்பும்போது தருவானாம். நான் என்னுடையதை எடுப்பதற்குள் பாக்கியம் அக்கா பைக்குள்ளிருந்து தன் நீல அட்டையை எடுத்து, இரண்டு கையாலும் இறுகப் பிடித்தபடி சன்னலுக்கு வெளியே காட்டினார். அவன் குனிந்து முகவரியைப் படித்தான். தன்னிடமிருந்த வீட்டு எண்களைப் பார்த்தான். இப்படி ஓர் இடம் இங்கே இல்லையே மக்சிக் என்றான் மலாயில், பெரியம்மா என்று கூப்பிடுகிற மாதிரி.

"கெவர்மெண்டு போட்டுக் குடுத்த அட்ரஸுலா இது" என்று அக்கா தமிழிலேயே அவனிடம் சொன்னார். "இல்லாத எடத்தயா போட்டுக் குடுப்பாங்க?"

அவனுக்குப் புரியவில்லை. பின்னால் ஒரு காடி ஹார்ன் அடித்தது. அக்கா அட்டையைப் பையில் வைத்து மூடும்வரை காத்திருந்து, நான் காடியைத் திருப்பினேன்.